உட்காராத பிள்ளையும் ஊர்ப் பள்ளிக்கூடமும்

காலையில் பள்ளிக்கு முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம்: பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு பிரம்படி, நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். 1823-இல் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்ப்பெல், தன் மாவட்டப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை வருவாய் வாரியத்துக்கு இப்படி எழுதினார். படிப்பில் மனம் வைக்காத 'சோம்பேறி'ப் பிள்ளைக்கு என்ன தண்டனை என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒன்று அடி, இல்லையென்றால் இரண்டு கைகளையும் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது, அதுவும் இல்லையென்றால் ஓயாமல் மண்டியிட்டு மண்டியிட்டு எழச் சொல்வது. இந்தக் கடைசித் தண்டனை வலியும் களைப்பும் தருவதுதான், ஆனாலும் உடம்புக்கு ஒருவேளை நல்லதாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பையும் சேர்த்துவைத்தார். அந்தக் குறிப்புக்குத் திரும்பி வருவோம்.

கேம்ப்பெல் தானாக எழுதியதல்ல அது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியினர் என்று கணக்கெடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதியிருந்தார். கலெக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதில் அனுப்பினார்கள். தென்னாற்காட்டின் கணக்கில் 875 பள்ளிகள் இருந்தன. இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும் சின்னசேலமும் கள்ளக்குறிச்சியும் அந்தத் தென்னாற்காட்டின் மேற்கு ஓரம். பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அந்த 875. 1826-இல் மன்றோ எல்லாவற்றையும் கூட்டியபோது மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. காந்தியவாதியான தரம்பால் இந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்து 1983-இல் நூலாக வெளியிட்ட பிறகுதான் இந்த எண்கள் பொதுப் பேச்சுக்கு வந்தன.

பள்ளி என்றால் தனிக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் வசதியான வீட்டின் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி, சில ஊர்களில் வாத்தியார் வீட்டுத் தாழ்வாரம். வந்தவர்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலர். தீண்டாமைக்கு ஆளான சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே கிடையாது. திண்ணைப் பள்ளியை உச்சிமுகர்ந்து எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை.

கேம்ப்பெல் சொன்ன அந்தச் 'சோம்பேறி' யார்? உண்மையிலேயே வயல் வேலைக்குப் போய்விட்டு அலுத்து வந்தவன் இருந்திருப்பான். பசித்தவன் இருந்திருப்பான். காது சரியாகக் கேட்காதவன், எழுத்துகள் குழம்புகிறவன் இருந்திருப்பான். கூடவே, இன்று மருத்துவர்கள் ஏ.டி.ஹெச்.டி என்று குறிப்பிடும் நிலையோடு பிறந்தவனும் இருந்திருப்பான். கவனம் ஓரிடத்தில் நிலைக்காமை, ஓயாத அசைவு, யோசிப்பதற்குள் கை முந்திக்கொள்ளும் அவசரம் ஆகிய மூன்றும் ஒன்றாகவோ தனித்தோ வரும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை அது. ஊரில் அவனுக்குப் பல பெயர்கள்: வாலு, சேட்டை, காலில் சக்கரம் கட்டிக்கொண்டவன். 2013-இல் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தொடக்கப்பள்ளிகள் நான்கில் 770 பிள்ளைகளைப் பரிசோதித்து வெளியான ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இந்த நிலை தெரிந்தது. உலக அளவிலான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் நூற்றுக்கு ஐந்து பேர் என்ற அளவில் நிற்கின்றன. எந்தக் கணக்கை எடுத்தாலும், நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். 1823-இன் திண்ணைகளிலும் இருந்திருப்பார்கள் என்று கொள்வதுதான் நியாயம்.

அந்தப் பிள்ளை அன்று எப்படிப் படித்தான் என்பது முக்கியமான கேள்வி.

திண்ணையில் அவன் முதலில் தொட்டது மணல். தரையில் பரப்பிய மணலில் விரலை வைத்து, எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைய வேண்டும். விரல் நகரும், வாய் பேசும், காது கேட்கும், கண் பார்க்கும். எழுத்து தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு. மறுபடி வெறும் மணல். பிறகு ஓலையும் எழுத்தாணியும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காகக் கரியும் மஞ்சளும் தடவுவார்கள். கணக்கு முழுக்க முழுக்க வாயால் நடந்தது. பொன்னிலக்கத்தில் முந்திரி, காணி, மா என்று பின்னங்கள் ஏறும். முந்திரி என்றால் ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. நெல்லிலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று அளவைகள் ஏறும். எண்சுவடி ஓர் ஓட்டம். ஒருவன் முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல, தெரு முழுக்கக் கேட்கும் சத்தம். கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு, 2022-இல் வெளிவந்த தன் நூலில், இந்த மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் அல்ல, ஊர்க் கணக்கோடும் களத்து நெல் அளவையோடும் ஒட்டிய ஒரு கற்றல் முறை என்று வாதிடுகிறார்.

ஞாபகத்துக்கென்று தனிப் பயிற்சியும் இருந்தது. 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் அதைப் பதிந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை வந்ததும் அவற்றை ஒப்பிக்க வேண்டும். எவ்வளவு சிறிய வேலை பாருங்கள். மூன்று நான்கு சொற்கள்தான். ஆனால் வீட்டுக்குப் போய், விளையாடி, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும் அவை மனத்தில் இருக்க வேண்டும். கவனம் சிதறும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடறுவது இதைவிடக் குறுகிய தற்காலிக நினைவுதான். சொன்னதைச் சிறிது நேரம் மனத்தில் பிடித்துவைத்து அதை வைத்து வேலை செய்வது அவர்களுக்குக் கடினம். 'தண்ணீர் எடுத்து வா, வரும்போது கதவைச் சாத்து, அப்படியே பையை எடு' என்றால் தண்ணீரோடு நின்றுவிடுவான். திமிர் அல்ல அது. மீதி இரண்டும் அவன் காதில் விழுந்து கரைந்துபோயிருக்கும்.

இன்னொன்று, சட்டாம்பிள்ளை. ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். முந்திப் படித்தவன் பிந்தியவனுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆகவே எந்தப் பிள்ளையும் நெடுநேரம் சும்மா உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்கும் நிலை இல்லை. ஒன்று சொல்லிக்கொண்டிருப்பான், இல்லை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பான்.

சென்னையில் திண்ணைப் பள்ளியைக் கண்ணால் கண்டு அசந்துபோனவர் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்த அவர், 1789-இல் எழும்பூரில் இருந்த, படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்று மறுத்துவிட்டார். பெல் சளைக்காமல் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம், சின்ன வகுப்புக்கு நீயே மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்று ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான். அங்கிருந்து பெல் தன் முறையை வளர்த்தெடுத்தார்: சின்னச் சின்னப் பாடங்கள், அடிக்கடி பாடங்கள், ஒவ்வொன்றும் முழுதாகத் தெரிந்த பிறகே அடுத்தது, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, ஒருவன் ஆசான், ஒருவன் மாணவன். அடிக்குப் பதிலாகக் குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி, வாரம் ஒருமுறை பிள்ளைகளே நடுவர்களாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்.

1796-இல் அவர் கப்பலேறினார். 1797-இல் லண்டனில் தன் சோதனையைச் சிறு நூலாக அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே பெயர்.

பெல்லின் நூல் வந்த மறு ஆண்டு, 1798-இல், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் தன் நூலை வெளியிட்டார். அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர். எந்த ஒரு பொருளிலும் மனத்தை நிறுத்த முடியாத நிலை ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிறது, சிறு வயதிலேயே தெரிகிறது, பள்ளிப் படிப்புக்கு இடைஞ்சல் செய்கிறது என்று அதில் ஓர் அத்தியாயத்தில் விவரித்தார். இந்த நிலையைப் பற்றிய மிகப் பழைய மருத்துவ விவரணைகளில் ஒன்றாக இன்று அதைச் சுட்டுகிறார்கள். எழும்பூர் மணலில் பிறந்த வழியும் கிரைட்டனின் நோய்க்குறிப்பும் ஒரே நகரத்தில் அடுத்தடுத்த ஆண்டில் அச்சேறியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. மருத்துவம் ஒரு பக்கம் போயிற்று, பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போயிற்று.

மருத்துவத்தின் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 43 பிள்ளைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத பிள்ளைகளிலும் சிலருக்குத் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடிவதில்லை என்றார்; ஆனால் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று பெயரிட்டதால் பழி பிள்ளையின் மேலேயே தங்கியது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் பிராட்லி, தலைவலிக்கு என்று நினைத்துக் கொடுத்த ஊக்க மருந்தால் 30 பிள்ளைகளில் 14 பேரின் படிப்பு வியக்கத்தக்க அளவு தேறியதைக் கண்டார். அந்தப் பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். 1944-இல் சீபா மருந்து நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸான் மீதைல்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தைத் தயாரித்தார். அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து அதற்கு ரிட்டாலின் என்ற பெயர் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1968-இல் ஒரு பெயர், 1980-இல் இன்னொரு பெயர், 1987-இல் இப்போதுள்ள பெயர். இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது என்று காட்டின. தாய் வளர்ப்புச் சரியில்லை என்ற பழி அறிவியலில் அத்தோடு போயிற்று. ஊர் வாயில் இன்னும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தின் பாதையில் 1907 ஒரு சுவையான ஆண்டு. அந்த மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தார். பலர் பலவிதமாகக் கேள்வி தொடுக்க, நூறு செய்திகளில் ஒரே நேரத்தில் மனத்தை நிறுத்திப் பதில் சொல்லும் கலை அது. வெண்பாவுக்கு ஈற்றடி ஒருவர் கொடுப்பார், கணக்கு ஒருவர் போடுவார், முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும், நடுவே மணி அடிப்பதையும் எண்ண வேண்டும். திண்ணையில் தொடங்கிய வாய்ப்பயிற்சி எந்த உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு அவர் சான்று. அதே ஆண்டு ஜனவரியில் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி ஒரு குழந்தைகள் வீட்டைத் திறந்திருந்தார். அங்கே ஒரு சின்னப் பெண் மர உருளைகளை அவற்றின் குழிகளில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, நாற்பது தடவைக்கு மேல் செய்துகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடவைத்தும், அவளை நாற்காலியோடு தூக்கி வைத்தும் அவள் நிமிரவில்லை. கையில் சரியான வேலை கிடைத்தால் பிள்ளையின் கவனம் தானே நிலைக்கும் என்று மாண்டிசோரி கண்டது அங்கேதான்.

அந்த அம்மையாரே 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து இறங்கினார். சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பு. சில மாதங்களுக்கென்று வந்தவர், போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். சென்னையில் ஓலைக் கொட்டகையில் நடந்த பயிற்சியில் ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். ஆனால் அவர் பெயரில் எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் நகரத்துக் கட்டணப் பள்ளிகளாகிவிட்டன. சின்னசேலம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிக்கு அந்தக் காற்று வந்து சேர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று.

இதற்கிடையில் திண்ணை போய் பெஞ்சு வந்திருந்தது. வரிசை வரிசையாகப் பலகை, முன்னால் கரும்பலகை, மணிக்கு ஒரு பாடம், பேசாதே, திரும்பாதே, கையைக் கட்டு. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தது இந்தப் பள்ளிதான். அந்தப் பெருமையை அதிலிருந்து யாரும் பறிக்க முடியாது. காமராசர் காலத்து மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பசித்த வயிற்றோடு கவனிக்க முடியாத பிள்ளையை வகுப்பில் இருத்தின. ஆனால் உட்கார மாட்டாத பிள்ளைக்கு இந்த அறை திண்ணையைவிடக் கடினமாக இருந்தது. திண்ணையில் சத்தம் போடுவதுதான் பாடம். இங்கே சத்தம் குற்றம். பிரம்பு மட்டும் திண்ணையிலிருந்து அப்படியே கூட வந்தது. தமிழ்நாடு கல்வி விதிகளில் பிரம்புக்கு இருந்த அனுமதி 2003-இல்தான் நீக்கப்பட்டது. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டம் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்தது.

கல்வராயன் மலையின் கதை வேறு. சின்னசேலத்துக்கு வடமேற்கே கிடக்கும் இந்த மலை, சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பிறகு, 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதுவரை மலைமக்கள் ஜாகீருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லா உழைப்பும் கொடுத்தார்கள். கீழே ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறை பெஞ்சில் உட்கார்ந்து பழகிவிட்ட காலத்தில், மேலே பல வீடுகளில் முதல் தலைமுறை பள்ளிக்குப் போகத் தொடங்கியது. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. கடுக்காய் பொறுக்கவும் தேன்கூட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கவும் ஆடு மேய்க்கவும் பழகிய பிள்ளை, திடீரென்று விடுதி மணிக்கு எழுந்து மணிக்குத் தூங்க வேண்டியவனானான். மரவள்ளி விலை விழுந்த ஆண்டுகளில் பெற்றோர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். பிள்ளை பாட்டியிடமோ விடுதியிலோ.

இங்கே மிகவும் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். இடம் மாறிய திகைப்பு, தூக்கமின்மை, இரத்தசோகை, அம்மாவைத் தேடும் ஏக்கம், எல்லாமே வெளியிலிருந்து பார்க்கும்போது கவனக்குறைவாகத்தான் தெரியும். அதனால்தான் இந்த நிலையை உறுதிசெய்ய மருத்துவர்கள் கடுமையான விதி வைத்திருக்கிறார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். பள்ளி, வீடு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். மலைப்பிள்ளை என்றாலே அடங்காது என்று கீழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் சொன்னால் அது நோய்க்கணிப்பு அல்ல, சாதிப்பேச்சு. அதே சமயம், உண்மையிலேயே இந்த நிலை உள்ள பிள்ளை மலையில் பிறந்துவிட்டால் 'காட்டுப்பிள்ளை அப்படித்தான்' என்று கைவிடப்படுவதும் நடக்கிறது. இரண்டும் ஒரே அநியாயத்தின் இரண்டு முகம்.

கென்யாவின் அரியால் மக்களிடம் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே யோசிக்க உதவும். கவனச் சிதறலோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஒரு மரபணு வகை உள்ள ஆண்கள், மந்தையோடு அலைந்து திரிந்த கூட்டத்தில் மற்றவரைவிட நல்ல உடல்நிலையில் இருந்தார்கள். அதே வகை உள்ளவர்கள், ஓரிடத்தில் குடியமர்ந்த கூட்டத்தில் மற்றவரைவிட மெலிந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆய்வை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. ஆனால் பிள்ளையை மட்டும் பார்க்காமல் அவனை எந்த அறையில் உட்கார வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்கச் சொல்கிறது அது.

அறையை மாற்றிப் பார்த்தவர் எம்.பி. விஜயகுமார். வேலூர் கலெக்டராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகள் வழக்கமான வகுப்பில் நிலைக்காமல் ஓடிவிடுவதைக் கண்டவர். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளி தன்னைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையை அப்போது பார்த்தார். சென்னை மாநகராட்சி ஆணையராக வந்ததும் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது தமிழ்நாடு முழுவதும் போயிற்று. சின்னசேலம் ஒன்றியத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் பெஞ்சுகள் ஒதுங்கிப் பாய்கள் விரிந்தன. சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை எழுந்து போய்த் தன் படி எது என்று பார்த்து, தட்டிலிருந்து அதற்குரிய அட்டையை எடுத்து வந்து, செய்து முடித்து, அடுத்த படிக்கு நகர வேண்டும். ஆசிரியரும் தரையில். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அவனுக்கென்று ஒரு கரும்பலகைத் துண்டு. நேற்று வராதவன் இன்று விட்ட இடத்திலேயே தொடங்கலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் காணாமல் போகும் பிள்ளைகள் உள்ள ஊரில் இது சின்ன விஷயமல்ல. அட்டைகள் கிழிந்தன, அட்டையே பாடமாகிவிட்டது, எழுத்து திருந்தவில்லை என்று குறைகள் கிளம்பியதும் உண்மை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதியும், கண்ணுக்குத் தெரியும் சிறு இலக்கும், முடித்தவுடன் கிடைக்கும் நிறைவும் உட்கார மாட்டாத பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை யாரும் தனியாகக் கணக்கெடுக்கவில்லை. அவனுக்காக அந்த முறை உருவாகவில்லை. அவனுக்குத்தான் மிகவும் பொருந்தியது.

பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 அக்டோபர் 27 அன்று, பழைய தென்னாற்காட்டின் இன்னொரு மூலையான மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், இடம் வீட்டு வாசல், கோயில் முற்றம், மரத்தடி. மன்றோவின் கலெக்டர்கள் எண்ணிய பள்ளிகளின் அதே இடங்கள். இந்தத் தடவை சொல்லிக்கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவின் பெண்கள். உட்கார்ந்திருந்தவர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உண்டு. 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை வயதால் அல்லாமல் எட்டிய நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் கதையும் பொம்மையுமாகப் பாடத்தை நடத்தச் சொன்னது. தொடக்கத்தில் அது மூன்றாம் வகுப்போடு நின்றதால், நான்காம் வகுப்பில் கால் வைத்ததும் அந்தப் பிள்ளை மறுபடி நெடிய பாடத்துக்கும் நெடிய உட்காரலுக்கும் போனான் என்பதுதான் வருத்தம்.

இப்போது கேம்ப்பெல்லின் குறிப்புக்கு வரலாம். மண்டியிட்டு எழுவது உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்றாரே, அதற்கு நெருங்கிய தோப்புக்கரணம் 2005-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சோவா கோக் சுய் எழுதிய நூல் வழியாக மூளைக்கான யோகம் என்று உலகைச் சுற்றி வந்தது. காதின் புள்ளிகள் மூளையைத் தூண்டுகின்றன என்ற விளக்கத்துக்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் உடல் அசைவு கவனத்துக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் 8 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் மிதமாக ஓடி முடித்த பிறகு இந்த நிலை உள்ள பிள்ளைகளும் கவனச் சோதனையில் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். படிப்பிலும் கணக்கிலும் மதிப்பெண் ஏறியது. தோப்புக்கரணத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து போட்டால் அது ஓர் இடைவேளை. ஒருவனை மட்டும் நிறுத்தி மற்றவர் சிரிக்கப் போடவைத்தால் அது கேம்ப்பெல் கண்ட தண்டனை போன்றதே, இன்று சட்டத்துக்கும் எதிரானது. உடற்பயிற்சி வகுப்பைப் பறித்துக் கணக்குப் போடவைக்கும் வழக்கம் பள்ளிகளின் பத்தாம் வகுப்பில் இன்னும் இருக்கிறது. இருக்கிற பிள்ளைகளிலேயே மிகவும் தேவைப்படுகிறவனிடமிருந்துதான் அது ஓட்டத்தைப் பறிக்கிறது.

மருத்துவத்தின் பாதையும் பள்ளியின் பாதையும் இந்த வட்டாரத்தில் சந்திக்கத் தொடங்கியது 2013-க்குப் பிறகு. அந்த ஆண்டு வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் 30 நிலைகள் உள்ளன, அவற்றில் ஏ.டி.ஹெச்.டியும் ஒன்று. மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வர வேண்டும். சந்தேகமுள்ள பிள்ளையை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், 2022 ஜனவரியில் அதற்கென்று அரசு மருத்துவக் கல்லூரி வந்ததும் சின்னசேலத்துக்காரருக்குத் தூரத்தைக் குறைத்தன. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து வருகிறவருக்கு அது இன்னும் ஒரு நாள் கூலி. ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து பிறகு. மருந்து தேவைப்பட்டால் மீதைல்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இந்த நிலையின் பெயர் இல்லை. கற்றல் குறைபாடு சேர்ந்திருந்தால் அதன் பெயரில்தான் சான்றிதழ் கேட்க வேண்டும்.

மருத்துவர் அந்தப் பிள்ளையைப் பார்ப்பது கால் மணி நேரம். புது இடத்தில், புது ஆளின் முன்னால், பல பிள்ளைகள் அந்தக் கால் மணி நேரம் ஒழுங்காகவே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே வகுப்பாசிரியர் எழுதிக் கொடுக்கும் குறிப்புத்தான் முக்கியம். 'சேட்டை, படிப்பு வரவில்லை' என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. எந்தப் பாடத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறான், எதில் தானாகவே மூழ்குகிறான், ஒரே நேரத்தில் எத்தனை கட்டளையைப் பிடிக்கிறான், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் வித்தியாசம் உண்டா, முன்வரிசைக்கு மாற்றியபோது என்ன ஆயிற்று, வீட்டிலும் இப்படித்தானா, எந்த வகுப்பிலிருந்து தொடங்கியது. பெண் பிள்ளையாக இருந்து, ஓடாமல் ஆடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு பாதிக் கணக்கில் நின்றுவிடுகிறாள் என்றால் அதையும் எழுத வேண்டும். சேட்டை செய்யாததாலேயே அவளை யாரும் அனுப்பிவைப்பதில்லை. ஒரு பக்கம் போதும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தேதி போட்டு எழுதினால் நல்லது.